வண்டியில் இல்லாத இடம்

பஞ்சாமிர்தக் கடை சேனாதிபதியின் வீட்டிலிருந்து காலையில் கூண்டு வண்டி புறப்படுவதைப் பாலசமுத்திரத்தில் அந்தத் தெருவே பார்க்கும். பார்க்க வேண்டும் என்றுதான் அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, அதன் மேல் ஜமக்காளம் விரித்திருக்கும். மகள் சண்முகவள்ளி ஏறி உட்காருவாள். பழனியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியும் கூடப் போவாள். அப்புறமும் ஜமக்காளத்தில் பாதி காலியாகத்தான் இருக்கும்.

வண்டிக்கார மயில்சாமி கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தான்.

"என்னலே பார்க்குற? ஓட்டு."

"அந்தப் புள்ளையும் அதே வகுப்புத்தானுங்களே முதலாளி. எடம் சும்மாதான கெடக்கு. ஏத்திக்கிட்டுப் போயிர்றேன்."

"மாடு தாங்காதுலே."

"சக்கரை மூட்டையே தாங்குதுங்க..."

"நீ உஞ் சோலியப் பாரு."

மயில்சாமி மாட்டைத் தட்டினான். சேனாதிபதி, வண்டி திருப்பத்தில் மறையும்வரை, பெண்ணைப் படிக்க வைக்கும் தகப்பனின் முகத்தோடு நின்றுவிட்டு உள்ளே போனார். அந்த முகம் வாசல் வரைக்கும்தான். வாசலைத் தாண்டினால் கழற்றி வைத்துவிடுவார்.

'அந்தப் புள்ளை' என்று மயில்சாமி சொன்னது அன்னக்கொடியை. சேனாதிபதி எடுத்து வளர்க்கும் பெண். அவள் அப்பன் வேலப்பன் மேல்மலையில் பள்ளங்கியைச் சேர்ந்தவன். மலைவாழைத் தார்களைக் குதிரை மேல் கட்டிக் காட்டுப்பாதை வழியாகப் பழனிக்கு இறக்குவான். சேனாதிபதி கடைப் பஞ்சாமிர்தத்துக்கு அந்தப் பழம்தான் உயிர். ஓர் ஐப்பசி மழையில் ஆற்றில் தண்ணீர் வடியட்டும் என்று அவன் காத்திருந்தான். "கடையில பழம் இல்லாம ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்துருக்கேன், வெரசா எறங்கச் சொல்லு" என்று ஆள்மேல் ஆள் விட்டார் சேனாதிபதி. வேலப்பன் இறங்கினான். காட்டாறு அவனையும் குதிரையையும் பழத்தையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று.

தாய் ஏற்கெனவே இல்லை. பள்ளங்கியில் துக்கத்துக்குக் கூடியிருந்த ஜனங்களுக்கு நடுவே சேனாதிபதி அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்தார். "இனிமே இது எம் புள்ள. என் வீட்டுல ஒண்ணு வளருது, அதோட இதுவும் வளரட்டும். எம் மக படிக்கிற படிப்பை இதுவும் படிக்கும்" என்றார். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. யாருக்காகப் பழம் இறங்கியது என்று ஒருவரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. பெரிய மனிதர் அழுகிற இடத்தில் கேள்வி கேட்பது நம் ஜனங்களுக்கு வழக்கமில்லை.

அன்றிலிருந்து சேனாதிபதியின் புகழ் பழனிக்கும் பாலசமுத்திரத்துக்கும் இடையில் பஸ்ஸைவிட அடிக்கடி போய்வந்தது. கல்யாண வீட்டில் அவருக்கு முன்வரிசை கிடைத்தது. கடைக்கு வருகிறவர்கள் பழத்தின் ருசியைச் சொல்லுமுன் பரோபகாரத்தைச் சொன்னார்கள். அவரும் ஆள் வந்தால் போதும், "ஏம்மா அன்னம், இங்க வா" என்று அழைத்து முன்னால் நிறுத்துவார். நாலு பேர் எதிரில் அவள் அவரை 'அப்பா' என்று கூப்பிட வேண்டும். ஆட்கள் போனதும் 'முதலாளி'. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாமல் இருக்க அந்தக் குழந்தைக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

அவள் படுத்தது சர்க்கரை மூட்டை அறையில். கோழி கூவுமுன் எழுந்து மாட்டுத்தொழுவம் கூட்டி, தண்ணீர் இறைத்து, கடைக்குப் போகும் பழத்தை உரித்துக் கொடுக்க வேண்டும். இதெல்லாம்கூட வண்டி புறப்படுமுன் முடிந்துவிடும். முடியாதது வேறொன்று. சண்முகவள்ளிக்குச் சோறு சுடச்சுட இருந்தால்தான் இறங்கும். வண்டி போகும் நேரத்தில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். ஆகவே சேனாதிபதியின் மனைவி தமயந்தி வடித்து, குழம்பைத் தாளித்து, தூக்குச்சட்டியில் வைத்துத் தரும்வரை அன்னக்கொடி அடுப்படியில் காத்திருப்பாள். அதற்கப்புறம் ஒரு தோளில் புத்தகப்பை, ஒரு கையில் சட்டி, வெறுங்காலோடு பழனிவரை ஓட்டமும் நடையுமாகப் போவாள். அவள் போய்ச் சேரும்போது பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடம் நடந்து முடிந்திருக்கும்.

பஸ் இல்லையா என்றால் இருந்தது. "பொம்பளப் புள்ள பஸ்ஸுல தனியாப் போறது நம்ம குடும்பத்துக்குக் கௌரவம் இல்ல" என்று சேனாதிபதி சொல்லிவிட்டார். பெண் பிள்ளை சாலையில் தனியாக ஓடுவது எந்த வகைக் கௌரவம் என்பதை அவர் சொல்லவில்லை.

தை பிறந்தது. ஒருநாள் தலைமையாசிரியை சோலையம்மாள் கடைக்கே வந்துவிட்டார். சேனாதிபதி வாயெல்லாம் பல்லாக நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்கார வரல. அன்னக்கொடி விஷயமா வந்தேன்" என்றார் சோலையம்மாள். "மொத பீரியடு கணக்கு. வகுப்புலயே அவதான் கணக்குல கெட்டி. ஆனா தினமும் லேட்டு. லேட்டா வந்தா எங்க ரிஜிஸ்தர்ல ஆப்சென்ட்தான். இப்பவே ரொம்பக் கொறைஞ்சு போச்சு. இனி ஒரு நாள் கொறைஞ்சாலும் பரீட்சைக்கு அவ பேரை அனுப்ப முடியாது. பள்ளிக்கூடத்துல இருந்தே பேரை எடுக்க வேண்டி வரும்."

"பொண்ணு கொஞ்சம் சோம்பேறி டீச்சரம்மா. எழுப்பினா எந்திரிக்கிறதில்ல."

விடுமுறை என்று கடைக்கு வந்து பழம் உரித்துக்கொண்டிருந்த அன்னக்கொடி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

"உங்க வண்டிதான் தினமும் வருதே. அதுல ஏத்தி அனுப்புங்களேன். காலியாத்தானே வருது, நானே பார்த்திருக்கேன்."

"அதுக்கென்னங்க! நீங்க சொல்லணுமா? நாளைக்கே ஏத்திவிட்டாப் போச்சு. அவளும் எம் புள்ளதானுங்களே!"

சோலையம்மாள் நம்பிக்கொண்டு போனார். சேனாதிபதியும் ஒரு நிமிஷம் அதை நினைத்துப் பார்த்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நினைக்க நினைக்க அவருக்குக் கசந்தது. ஒரே வண்டியிலிருந்து, ஒரே ஜமக்காளத்திலிருந்து, இரண்டு பெண்கள் இறங்கினால், இதில் முதலாளி மகள் யார், குதிரைக்காரன் மகள் யார் என்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? மாடு தாங்குமா என்பது அவர் கவலையே இல்லை. அவரால் தாங்க முடியாதது இதுதான்.

பேர் போனால் போகட்டுமே என்றும் தோன்றிற்று. பழம் உரிக்க ஒரு ஆள் முழுநேரமும் ஆயிற்று. ஊருக்குச் சொல்ல வேண்டியதையும் அவர் அப்போதே தயார் செய்துவிட்டார்: "நான் படிக்கத்தான் வச்சேன். அதுக்குக் குடுத்து வைக்கல." சொல்லும்போது எந்த இடத்தில் பெருமூச்சு விட வேண்டும் என்பதுகூட அவருக்குத் தீர்மானமாகிவிட்டது.

மறுநாளும் வண்டி அவளை விட்டுவிட்டுத்தான் போயிற்று. "ஓட்டமா ஓடிப் போ. வயசுப் புள்ளதான, கால்ல என்ன கட்டியா போட்டுருக்கு?" என்றார் சேனாதிபதி. அவள் ஓடினாள். தமயந்திக்கே மனசு கேட்காமல் அன்றைக்குக் குழம்பைத் தாளிக்காமல் ஊற்றிக் கொடுத்திருந்தாள். அதனால் மணியடிக்கும் நேரத்துக்கு எப்படியோ போய்ச் சேர்ந்தாள். அடுத்த நாளும் அப்படியே. சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்த மயில்சாமி, தொழுவத்து மூலையில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தான்.

"ஏன் தாயி அழுகுற? வலிக்குதா?"

"வலிக்கல மயிலண்ணே. பேரு போயிருச்சுன்னா அப்புறம் எனக்கு இந்த வீடு மட்டுந்தான்."

அந்த வீட்டை மயில்சாமியும் உள்ளிருந்து பார்த்தவன்.

பூசம் நெருங்கிற்று. காவடியும் காலுமாகப் பாதயாத்திரை ஜனம் பழனியை நோக்கி வந்துகொண்டே இருந்தது. இதுதான் சேனாதிபதியின் அறுவடைக் காலம். பாலசமுத்திரம் சாலை பழனிக்குள் நுழையும் இடத்தில், பக்தர்கள் அடிவாரத்துக்குத் திரும்பும் முனையில், வருஷம் தவறாமல் பந்தல் போடுவார். நீர்மோர், பானகம் எல்லாம் மற்றவர்களும் கொடுப்பார்கள். சேனாதிபதி கொடுப்பது வேறு. நடந்து வந்தவர்களை நீள பெஞ்சில் உட்கார வைத்து, தானே கீழே மணைபோட்டு உட்கார்ந்து, அவர்கள் காலைக் கழுவி, மஞ்சள்பொடி போட்டுக் காய்ச்சிய வேப்பெண்ணெய் தடவிவிடுவார். பெரிய முதலாளி கூலிக்காரன் காலைத் தொடுகிறாரே என்று பார்க்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

அதில் அவர் ஒரு விரதமும் வைத்திருந்தார். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். "மொகத்தப் பார்த்தா இவரு பெரியவரு, இவரு சின்னவருன்னு பேதம் வந்துரும். நடந்து வந்த காலெல்லாம் முருகன் காலு. எனக்குக் காலு போதும்" என்பார். கேட்கிறவர்கள் உருகிப் போவார்கள். காலைப் பார்த்தே எத்தனை தூரத்திலிருந்து வருகிறவர் என்று சொல்லிவிடுவதிலும் அவருக்கு ஒரு பெருமை.

அந்த வருஷம் மதுரையிலிருந்து ஒரு பெரிய ஜவுளி வியாபாரியைப் பந்தலுக்கு அழைத்து வந்திருந்தார். முந்தின நாள் முழுக்க அவரிடம் தன் வளர்ப்பு மகளைப் பற்றியே பேசியிருந்தார். ஸ்டூடியோக்காரர் ஒருவரையும் முக்காலிக் கேமராவோடு நிறுத்தியிருந்தார். தர்மம் செய்கிறவனுக்கு அதைப் படம் பிடிக்க ஆள் வேண்டும் என்பது அவருக்கு அவமானமாகப் படவில்லை.

அன்று கூட்டத்துக்குப் பயந்து வண்டி வெள்ளனே புறப்பட்டிருந்தது. தமயந்தியும் வெள்ளனே வடித்துக் கொடுத்துவிட்டாள். அன்னக்கொடி ஓடி வந்தாள். முனைக்கு வரும்போது, காவடிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு தங்கள் வண்டி நகராமல் நிற்பதைக்கூடப் பார்த்தாள். இன்றைக்கு நேரத்துக்குப் போய்விடலாம் என்ற சந்தோஷத்தில் கீழே பார்க்காமல் கால் வைத்தாள். உடைந்த சோடாப் புட்டிச் சில்லு உள்ளங்காலில் ஏறிற்று.

நொண்டி நொண்டி இரண்டடி வைத்தவளை ஒரு கை பிடித்து நிறுத்தியது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து நடந்து வந்த வீரம்மாள் என்ற அம்மாள். பச்சைச் சேலை, கழுத்தில் மாலை.

"அடி ஆத்தி, ரெத்தம் கொட்டுதே! வா தாயி, இங்க எண்ணெய் போட்டு விடுறாக."

"இல்லம்மா, நான் போகணும்."

"காலை ஊனவே முடியல, எங்க போவ? உக்காரு. சில்லை எடுத்துட்டுப் போ."

பெஞ்சில் தனக்குப் பக்கத்தில் அவளை அமுக்கி உட்கார வைத்தாள் வீரம்மாள். கீழே குனிந்த தலையோடு இருந்தது யார் என்று அன்னக்கொடிக்குத் தெரிந்துபோயிற்று. காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அதற்குள் சேனாதிபதியின் கை கணுக்காலைப் பற்றிக்கொண்டது.

"பொறு தாயே, பொறு. இந்தப் பாவி செய்யுற சேவைய ஏத்துக்க."

சில்லைப் பக்குவமாக எடுத்தார். வெந்நீர் விட்டுக் கழுவினார். அப்புறம்தான் அந்தக் காலைக் கவனித்தார். வியாபாரியும் ஸ்டூடியோக்காரரும் பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்ததும் குரல் தானாக உயர்ந்தது.

"ஐயா, இந்தக் காலைப் பாருங்க! குதிகால் பாளம் பாளமா வெடிச்சிருக்கு. வெரலெல்லாம் காய்ச்சுப் போயிருக்கு. இது பக்கத்து ஊருக் காலு இல்லீங்க. காடு மலை தாண்டி வந்த காலு. இத்தனை வருசமா எத்தனையோ காலுக்கு எண்ணெய் போட்டுருக்கேன், இப்படி ஒரு காலை நான் பார்த்ததில்ல. மனசுல எத்தனை வைராக்கியம் இருந்தா இப்படி நடந்திருக்கும்! இதைப் பார்த்தும் எரக்கம் வராதவன் மனுசனாங்க?"

தன் பேச்சு தனக்கே பிடித்துப்போய் அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அந்தக் காலைத் தூக்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார். கேமரா 'க்ளிக்' என்றது. கூட்டத்தில் யாரோ அரோகரா போட்டார்கள்.

"எந்த ஊரு தாயி? எங்கெருந்து நடந்து வர்ற?" என்று தலை நிமிராமலே கேட்டார்.

"பாலசமுத்திரத்துல இருந்துங்க, முதலாளி."

சேனாதிபதி நிமிர்ந்தார். விரதம் போயிற்று. சூடு பட்டவர்போலக் கையை விட்டார்.

"நீயா?"

"மணி அடிச்சிருவாங்க முதலாளி. நான் போகணும்" என்று அழும் குரலில் சொன்னாள் அன்னக்கொடி. பந்தல் நிறைய ஆட்கள் இருந்தார்கள். 'அப்பா' என்று சொல்லியிருக்க வேண்டிய இடம். வலியில் மறந்துவிட்டாள்.

"உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணா?" என்றார் ஜவுளி வியாபாரி.

"நம்ம ஊருப் பொண்ணுங்க... ஏழைப்பட்டது..." என்று இழுத்தார் சேனாதிபதி. இப்போதும்கூட அவருக்குப் பொய்தான் முதலில் வந்தது.

கூட்டத்தில் மாட்டி நின்ற வண்டியின் மேலிருந்து மயில்சாமி சத்தமாகச் சொன்னான்: "முதலாளி எடுத்து வளக்குறாரே, அந்தப் புள்ளதானுங்க அது! எங்க சின்னம்மாவும் இதுவும் ஒரே வகுப்பு. சின்னம்மா வண்டியில வருவாக, இது நடந்து வரும். நெதமும் இப்படித்தானுங்க."

சண்முகவள்ளி கூண்டுக்குள் முகத்தை இழுத்துக்கொண்டாள். வியாபாரி செருப்பை மாட்டிக்கொண்டு பந்தலை விட்டு வெளியே போய் நின்றார். ஸ்டூடியோக்காரர் கேமரா மேல் கறுப்புத் துணியைப் போட்டு மூடினார். அந்தப் படம் எந்தக் கடையிலும் மாட்டப்படவில்லை.

வீரம்மாள்தான் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரியாததைக் கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள்.

"நாங்க எங்க குறைக்கு நேந்துக்கிட்டு வருசத்துக்கு ஒருவாட்டி நடக்குறோம். இந்தப் புள்ள யாருக்கு நேந்துக்கிட்டுய்யா நெதமும் நடக்குது?"

சேனாதிபதி மணையை விட்டு எழுந்தார். கையில் எண்ணெய் வழிய அன்னக்கொடியைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் உட்கார வைத்தார். அவளைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. இத்தனை பாத்திரமும் பழமும் சுமக்கிற பெண்ணின் உடம்பில் கனமே இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"வெரசா ஓட்டுலே மயில்சாமி. மணிக்கு முன்னால போகணும்" என்றார்.

வீரம்மாளுடைய கூட்டத்து ஆட்கள் முன்னால் போய், "பள்ளிக்கொடத்துப் புள்ளைக போகுது, வழி விடுங்க" என்று காவடிகளை ஒதுக்கினார்கள். அன்று அன்னக்கொடி மணியடிக்குமுன் வகுப்பில் இருந்தாள். பேர் தப்பியது. பூசம் கழிந்த பிறகும் அந்த ஜமக்காளத்தில் அவளுக்கு இடம் இருந்தது. சூடான சோறு மயில்சாமியோடு மத்தியானம் தனியாகப் போயிற்று. வெட்கத்தால் செய்தாரா, மனம் மாறிச் செய்தாரா என்று கேட்டால், முதலில் வெட்கத்தால்தான். சிலருக்கு மனம் அந்த வழியாகத்தான் வரும். ஊர் மெச்சுவதற்காகப் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு ஊர் முன்னால்தான் உறைக்கிறது.

அன்று பந்தலில், வண்டி போனதும் சேனாதிபதி மறுபடி மணையில் வந்து உட்கார்ந்தார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்த கால் வீரம்மாளுடையது. கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து கிடந்தது. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார்.

வீரம்மாள் காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்யா. ஏங் காலு இப்படியே மலையேறும். இது நானா நேந்துக்கிட்ட வலி, நான் தாங்கிக்கிருவேன்." எழுந்து மாலையைச் சரிசெய்துகொண்டாள். பெஞ்சிலிருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். "தாய் தகப்பன் இல்லாத புள்ளைய எடுத்து வளக்குறேன்னு சொல்றது வாய்க்கு லேசு. சோறு போட்டு, படுக்க எடங் குடுத்துட்டா வளத்ததா ஆயிராது. நீங்க பெத்த புள்ள எந்த வண்டியில பள்ளிக்கொடம் போகுதோ, அதே வண்டியில அதுக்குப் பக்கத்துல இதையும் உக்கார வைக்கணும். அதுக்கு மனசு வரலையா, எம் புள்ளன்னு ஊருக்கு முன்னால சொல்லாதீக."